வெல்லமண்டித் தெருவின் பன்னிரண்டு கதவுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்லமண்டித் தெருவில், பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் கிட்டங்கியின் நீளச் சுவரோரம், ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் கதவு முளைத்தது. அது முளைத்தபோது டீக்கடை மாது பால் ஆற்றிக்கொண்டிருந்தான், பூக்காரி செல்லாயி சாக்கை உதறி விரித்துக்கொண்டிருந்தாள், லாரி புக்கிங் ஆபீஸில் ராக்காவல் முடித்த நான் கண்ணெரிச்சலோடு டீக்கு நின்றுகொண்டிருந்தேன், சுந்தரி சிஸ்டர் வேனிலிருந்து இறங்கிப்போய், நடைபாதையில் ராஜமாணிக்கம் படுத்திருந்த கிழிந்த சாக்கின் ஓரத்தில் எப்போதும்போலத் தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வேனைப் பற்றிச் சொல்லாமல் கதவைப் பற்றிச் சொல்ல முடியாது. அதற்கு முன்பும் எங்கள் தெருவுக்கு வண்டிகள் வந்ததுண்டு, பெரிய ஆட்கள் ஊருக்கு வருகிறார்கள் என்றால் முந்தின நாள் வரும், பின்கதவைத் திறந்துபோட்டு, நடைபாதையில் கிடப்பவர்களைக் கையைப் பிடித்தும் காலைப் பிடித்தும் ஏற்றிக்கொண்டுபோய் ஊர் எல்லை தாண்டி எங்காவது இறக்கிவிட்டு வரும், பத்து நாளில் அவர்கள் நடந்தே திரும்பி வந்து அதே சுவரோரம் படுப்பார்கள், அதனால் இன்ஜின் சத்தம் கேட்டாலே சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற பழக்கம் அங்கே எல்லாருக்கும் இருந்தது. இந்த வேன் வேறு. மனசு நொடித்துத் தெருவுக்கு வந்துவிட்டவர்களைத் தேடி மருந்தையும் மனுஷரையும் கொண்டுவருகிற வேன். செவ்வாயும் வெள்ளியும் வரும். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு சின்ன ஃபேன், மாத்திரைப் பெட்டி, காயத்துக்குக் கட்டுப்போடும் சாமான்கள், நகவெட்டி, சீப்பு, பேன் மருந்து. டிரைவர் காசிம் பாய் முதல் வாரமே ஹாரன் வயரைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டார். "தூங்கறவங்க வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கறது மரியாதையா?" என்று அவர் மாதுவிடம் கேட்டார்.

வாசல் என்ற வார்த்தையை அந்தச் சுவரோரத்துக்கு முதலில் சொன்னவர் காசிம் பாய் என்றாலும், அதை நம்பி நடந்துகொண்டவள் சுந்தரி. ஞானசுந்தரி என்பது முழுப்பேர், நாற்பது வயசிருக்கும், குள்ளம், பெரிய குரல், பத்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றே வேலை பார்த்ததால் வீங்கிப்போன கணுக்கால். அவள் யாருடைய சாக்கையும் மிதித்ததில்லை, யாருடைய மூட்டையையும் தாண்டியதில்லை. ஓரத்தில் செருப்பைக் கழற்றுவாள், குனிவாள், "அண்ணா, உள்ள வரலாமா?" என்று கேட்பாள். பதில் வரவில்லையென்றால் அங்கேயே வெளியில் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, என்ன சமையல், காசிம் பாய் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தானாகப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, "சரிங்கண்ணா, வெள்ளிக்கிழம வர்றேன்" என்று எழுந்து போவாள்.

"சிஸ்டர், உள்ள எது, வெளிய எது? மேல வானந்தான இருக்கு" என்று மாது ஒருநாள் சிரித்தான்.

"உனக்கு வானம் தெரியுது மாது. அவருக்குக் கூரை இருக்கா இல்லையான்னு அவரத்தான கேக்கணும்?" என்றாள் அவள்.

ராஜமாணிக்கம் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை செய்தவர். ஒரு வருஷம் தீபாவளி சமயத்தில் அவர் காதுக்குள் கொலுசுச் சத்தம் கேட்கத் தொடங்கியது, யாரோ பெண்கள் கூட்டமாக நடந்துகொண்டே இருக்கிற சத்தம், நிற்கவே இல்லை, பட்டறை போனது, வீடு போனது, பெண்டாட்டி பிள்ளைகள் போனார்கள், சத்தம் மட்டும் போகவில்லை. சுந்தரி முதல் நாள் கேட்டபோது கல்லை எறிந்தார். மூன்றாம் மாதம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். எட்டு மாதம், செவ்வாய் தவறாமல் வெள்ளி தவறாமல், அவள் செருப்பைக் கழற்றினாள், கேட்டாள், காத்திருந்தாள், போனாள். அந்தக் கார்த்திகைச் செவ்வாயன்று "அண்ணா, உள்ள வரலாமா?" என்று அவள் கேட்டதற்கு அவர் எழுந்து உட்கார்ந்து, தலையைக் கோதி, "வாங்க" என்றார். வாங்க என்ற சொல் முடிவதற்குள் அங்கே நிலையோடு ஒரு கதவு நின்றது. நீலப் பெயிண்ட், இரட்டைக் கதவு, கீழே கோலப்பொடி படிந்த படி. சுவர் கிடையாது, கூரை கிடையாது, நடைபாதையில் தனியாக ஒரு கதவு.

ராஜமாணிக்கம் அதைத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, "கீலுக்கு எண்ண விடணும்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். சுந்தரி குனிந்து நுழைந்து உள்ளே உட்கார்ந்து அவர் நாடியைப் பிடித்தாள்.

"அட, கதவு" என்றாள் செல்லாயி, பூக்கட்டத் தொடங்கினாள்.

தை பிறப்பதற்குள் பதினோரு பேருக்குப் பதினோரு கதவு வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் மனசில் நின்றுபோன கதவு: ஒருவருக்குத் தகரத்தை ஆணியடித்த கதவு, ஒருத்திக்குப் பித்தளைக் குமிழ் வைத்த தேக்கு, பேச்சே இல்லாத ஒரு வடக்கத்திக்காரருக்கு எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் எதுவோ எழுதிய கதவு. உள்ளே மாளிகை இருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கதவைத் தட்டி, வாங்க என்ற பிறகு நுழைந்தால், அதே சாக்கு, அதே சாக்கடை வாடை, அதே கிட்டங்கிச் சுவர்தான். ஆனால் ஆள் இருப்பார். தட்டாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போனால் சாக்கு மட்டும் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது ரோந்து வந்த ஏட்டையாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. லத்தியோடு நீலக் கதவைச் சுற்றிப்போய்ப் பார்த்தார், சூடு ஆறாத போர்வை மட்டும் கிடந்தது, மறுபடி முன்னால் வந்தார், நாலு பக்கமும் பார்த்துவிட்டு விரல் மடக்கித் தட்டினார்.

"யாருங்க?"

"போலீஸ்."

"பூட்ஸக் கழட்டி வெச்சுட்டு வாங்க சார், இப்பத்தான் கூட்டுனேன்."

ஏட்டையா அன்று பூட்ஸைக் கழற்றினாரா என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சுவரோரம் யாரையும் அவர் காலால் எழுப்பியதில்லை.

தெரு பழகிக்கொண்டது. பொங்கலுக்குப் பதினோரு கதவுக்கும் செல்லாயி மாவிலை கட்டினாள். தபால்காரர் கதவிருக்கும் இடத்தில் தபால் போடலாம் என்றார், ஆனால் யாருக்கும் தபால் வரவில்லை, அதனால் மாது கடைக்கு வந்த ஜவுளிக்கடை விளம்பர நோட்டீஸ்களைப் பிரித்து ஆளுக்கு ஒன்று செருகிவிட்டுப் போனார். மாநகராட்சியிலிருந்து ஒரு கிளார்க் வந்தார், கதவு இருந்தால் எண் போட வேண்டும் என்பது விதி, சுவர் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை என்பதைக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, 43-க்கு அப்புறம் 43ஏ, 43பி என்று தகடு அடித்தார். "பழைய எண்?" என்று அவர் கேட்டபோது ராஜமாணிக்கம் யோசித்து, "இல்லைங்க, இதுதான் முதல்" என்றார். எண் வந்தது, எண்ணைக் காட்டி ரேஷன் கார்டு வந்தது, காப்பீட்டு அட்டை வந்தது, விலாசம் இல்லாததால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆறு தடவை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மனுஷருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. செவ்வாய் தவறினால் வெள்ளி வருகிற டாக்டர் இளம்பரிதி, மருந்து எழுதும்போது விலாசம் என்ற இடத்தில் கதவு எண்ணை எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ராஜமாணிக்கத்தின் காதில் கொலுசு நிற்கவில்லை. "ஆனா இப்பத் தூரமா நடக்குதுங்க, அடுத்த தெருவுல" என்றார். அது போதும் என்று அவரும் டாக்டரும் ஒத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது கதவு பங்குனியில் வந்தது. அதுதான் திறக்கவில்லை.

அந்தக் கதவுக்குரியவளை மூட்டைக்காரி என்போம், வேறு பேர் தெரியாது. எந்த ஊர், எந்தப் பாஷை என்றும் தெரியாது. தன்னைச் சுற்றி நான்கு மூட்டைகளை அடுக்கி நடுவில் குந்தியிருப்பாள், வெயிலிலும் கழுத்துவரை போர்த்தியிருப்பாள், யாராவது நெருங்கினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள், வலது காலில் ஒரு புண் இருந்தது, அதன் வாடை மாதுவின் கடைவரை வரும். சுந்தரி அவளிடமும் கேட்டாள், "அக்கா, உள்ள வரலாமா?" ஐந்து மாதம் கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, பதிலே இல்லாமல், வாங்க என்ற சொல்லே இல்லாமல், பச்சைப் பெயிண்ட் அடித்த ஒற்றைப் பலகைக் கதவு வந்து நின்றது. தட்டினால் உள்ளே இருமல் கேட்டது. சுற்றிப் போனால் மூட்டைகள் மட்டும் இருந்தன. கதவு திறக்கவில்லை.

கதவின் அடியில் ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியாகச் செல்லாயி அலுமினியத் தட்டில் சோறு தள்ளுவாள், சாயங்காலம் தட்டு காலியாக வெளியே வரும். சுந்தரி புண்ணுக்கு மருந்தும் துணியும் தள்ளுவாள், அதுவும் உள்ளே போகும். "வழி வெச்சிருக்கா பாரு, சாமர்த்தியக்காரி" என்று செல்லாயி மெச்சிக்கொண்டாள். நாங்களும் மெச்சினோம்.

திறக்காத கதவென்றால் ஜனங்களுக்கு ஒரு பயம் வரும், பயம் வந்த இடத்தில் மஞ்சள் வரும். யார் முதலில் குங்குமம் வைத்தார்கள் என்று தெரியாது, ஒரு செவ்வாய் காலை நான் பார்க்கும்போது கதவுக்கு மூன்று பொட்டு இருந்தது, அடுத்த வாரம் வேப்பிலை, அதற்கடுத்த வாரம் கதவின் மேல்மூலையில் எதுவோ முளை மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததில் மஞ்சள் கயிறு. அடைச்ச கதவம்மன் என்று பேர் வைத்தார்கள். லோடு தூக்குகிறவர்கள் முதுகுவலிக்குக் கட்டினார்கள், மண்டிக்காரர் வழக்குக்குக் கட்டினார், செல்லாயி கர்ப்பமாயிருந்த மகளுக்குக் கட்டினாள், அம்மாபேட்டையிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வந்து கட்டினார்கள், சித்திரை முடிவதற்குள் அந்த மூலையில் ஒரு தேன்கூடு அளவுக்குக் கயிறு தொங்கியது. சுந்தரிக்கு அது பிடிக்கவில்லை. "உள்ள இருக்கறது ஒரு பொம்பள, கால் புண்ணோட" என்றாள். "ஆமா கண்ணு, அம்மன்னா பொம்பளதான?" என்றாள் செல்லாயி.

வைகாசியில் தட்டு பாதிச் சோறோடு வெளியே வந்தது. பிறகு முக்கால் சோறோடு. பிறகு ஒரு செவ்வாயன்று, போட்டது போட்டபடி ஈ மொய்த்துக்கொண்டு, அப்படியே.

சுந்தரி அன்று தன் நேரம் முடிந்தும் போகவில்லை. கதவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். "இருமல் மெலிஞ்சிருச்சு பாய்" என்றாள்.

டாக்டர் இளம்பரிதியைப் போனில் பிடித்தார்கள். அவர் வந்து கதவின் முன் குந்தி, உள்ளேயிருந்து வந்த வாடையை மோந்து, "புண்ணு உள்ள ஏறுது. இப்படியே போனா வெள்ளிக்கிழமைக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். பிறகு, "ஒடச்சுரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒடச்சா உள்ள ஆள் இருப்பாங்களா சார்?" என்றார் காசிம் பாய். "தட்டாமச் சுத்திப் போனதுக்கே இல்ல."

அந்த வேனுக்கு என்று எழுதிவைத்த ஒரே சட்டம் அதுதான்: கதவு அவர்களுடையது, அவர்கள்தான் திறக்க வேண்டும். அந்தச் சட்டத்தால்தான் பதினோரு பேர் மனுஷராகத் திரும்பியிருந்தார்கள். அதையே மீறினால் பழைய வண்டிகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது அங்கே நின்ற ஒவ்வொருத்தர் முகத்திலும் ஓடியது. சுந்தரி கதவைப் பார்த்து, "அக்கா, நீங்க ஒரு விரக்கட தொறந்தாப் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அந்தப் பெரிய குரல் அன்று சின்னதாக இருந்தது.

அப்போது அந்தத் தட்டை எடுக்க நான் குனிந்தேன். எப்போதும் செல்லாயிதான் எடுப்பாள், அன்று அவள் அழுதுகொண்டிருந்தாள். குனிந்தவன் அந்தத் திறப்பைப் பக்கத்தில் பார்த்தேன். பலகை தேய்ந்து விழுந்த சந்து இல்லை அது. ரம்பத்தால் அறுத்தது. தச்சன் கை இல்லை, பழகாத கை, இடது ஓரம் கோணிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. ஒரு அலுமினியத் தட்டு சோற்றோடு நுழைகிற உயரம், அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது. வாசல் கதவில் யாரும் அப்படி அறுப்பதில்லை.

நான் தட்டை மாதுவின் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். படுத்தேன். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகலில் வருகிற தூக்கம் அன்று வரவில்லை, புதன்கிழமையும் வரவில்லை, வியாழக்கிழமையும் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதைச் சொல்வதற்கு இருபத்தொன்பது வருஷமாக என்னிடம் வாய் இருந்ததில்லை. மூன்று நாள். இன்றைக்கும் நான் வெட்கப்படுவது அந்த மூன்று நாளுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வேன் வந்தது. சுந்தரி இறங்கி நேராகப் பச்சைக் கதவுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள். நான் டீ வாங்காமல் அவள் பின்னால் போய் நின்றேன்.

"சிஸ்டர், அது வாசக்கதவு இல்ல."

"பின்ன?"

"உள் ரூம் கதவு. உள்ள வெச்சு அடைக்கறதுக்குப் போட்டது. அவங்களால தொறக்க முடியாது. தாழ்ப்பா நம்ம பக்கம் இருக்கு. அந்தக் கயித்துக்குள்ள பாருங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கண்ணன் சின்னுசாமிக்கு நாந்தான் போட்டேன். பத்தொம்பது வயசு எனக்கு. கத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடிர்றான்னு அப்பா தாழ்ப்பா வாங்கிட்டு வந்து குடுத்தாரு. நாலு ஸ்க்ரூ. கீழ தட்டு போறதுக்கு நாந்தான் அறுத்தேன். ஏழு வருஷம். ஒருநாள் அம்மா தாழ்ப்பாள மறந்துட்டாங்க. அதோட அவன் போனவன்தான்." லாரி ஆபீஸ் வேலைக்கு நான் ஏன் வந்தேன், ஊர் ஊராகப் போகிற டிரைவர்களிடம் டீ வாங்கிக் கொடுத்து யாரை விசாரிக்கிறேன் என்பதெல்லாம் சொல்ல அப்போது நேரமில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் முழங்கையைப் பிடித்து ஒரு நொடி அழுத்திவிட்டு, "ஏணி இருக்கா?" என்றாள்.

ஏணி மண்டியிலிருந்து வந்தது. ஏணியோடு கூட்டமும் வந்தது. கயிற்றை அறுக்கக் கூடாது, வேண்டுதல் கெட்டுவிடும் என்று மண்டிக்காரர் சத்தம் போட்டார், செல்லாயி ஏணியின் கீழ்ப்படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணுக்கு இன்னும் பத்து நாளுதான் கண்ணு இருக்கு. இப்பப் போயி முடிச்ச அறுத்தா, வயித்துல இருக்கறது என்னாவும்?"

"அறுக்க வேணாங்கா. நீங்க கட்டுனத நீங்களே அவுத்துருங்க" என்றாள் சுந்தரி. "அம்மன்ட்டச் சொல்லியே அவுத்துருங்க. 'ஆத்தா, நீ உள்ள மாட்டிக்கிட்டிருக்கறது தெரியாமக் கட்டிட்டேன்'னு சொல்லுங்க. உங்க பொண்ணும் ஒரு கதவத் தொறந்துதான பெத்துக்கணும்?"

செல்லாயி கீழ்ப்படியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். பூக்கட்டிப் பழகிய விரல், தன் முடிச்சைத் தானே கண்டுபிடித்து அவிழ்த்தது. அவளுக்குப் பின் லோடு தூக்குகிறவர்கள் ஏறினார்கள், ஏட்டையா ஏறினார், அவர் எதற்குக் கட்டினார் என்று யாரும் கேட்கவில்லை, மாது ஏறினான், கடைசியில் மண்டிக்காரரும் முனகிக்கொண்டே ஏறினார். ஒவ்வொருவரும் ஏறி, எதையோ முணுமுணுத்து, அவிழ்த்து, மஞ்சள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் கட்டியவற்றை மட்டும், "தெரியாதவங்களே, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிச் சொல்லிக் காசிம் பாய் கட்டுப்போடும் கத்தரியால் வெட்டினார். எட்டு மணிக்கு அது தெரிந்தது. கதவின் அதே பச்சைப் பெயிண்ட் பூசிய இரும்புத் தாழ்ப்பாள், கொண்டியில் முழுசாக நுழைந்து, துருப்பிடித்து, எங்கள் வேண்டுதல்களால் அசையாமல் இறுகிப்போய் இருந்தது.

தெருவே அதைப் பார்த்தது. இத்தனை நாள் நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம், மரியாதையாக, பொறுமையாக, திற திற என்று.

"நீங்க இழுங்க" என்றாள் சுந்தரி என்னிடம்.

ராஜமாணிக்கம் நீலக் கதவைத் திறந்து வந்து, தன் கீலுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். விட்டேன். ஆட்டினேன். நகரவில்லை. மறுபடி விட்டேன். அது கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு அங்குலம் வந்தது, பிறகு முழுசாக வந்தது, அந்தச் சத்தத்தை நான் ஏழு வருஷம் தினம் இரண்டு வேளை கேட்டிருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூடத் தாழ்ப்பாளை இப்படித் திறந்தபடியே விட்டுவைத்ததில்லை.

சுந்தரி என்னைக் கதவைத் தொடாமல் இறங்கச் சொன்னாள். எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, கதவிடம் பேசினாள்.

"அக்கா, தாழ்ப்பாள எடுத்தாச்சு. வெளிய யாரும் புடிச்சுக்கிட்டு இல்ல. இத்தன நாளா எங்களுக்கு இது தெரியல, தப்பு எங்க மேலதான். தொறக்கறதும் தொறக்காததும் இனிமேதான் உங்க இஷ்டம். நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணி ஆனது. மண்டிகள் திறக்கிற நேரம், யாரும் போய்த் திறக்கவில்லை. வெல்லம் ஏற்றிவந்த லாரி தெருமுனையில் நின்றது, டிரைவர் ஹாரன் அடிக்கக் கையை வைத்தபோது பத்துப் பேர் ஒரே சமயம் வாயில் விரலை வைத்துக் காட்டினார்கள். காசிம் பாய் அடுத்த தெருக்களுக்குப் போன் போட்டு இன்று தாமதம் என்றார். பத்து மணி. டாக்டர் வந்து, ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுந்தரிக்குப் பின்னால் உட்கார்ந்தார். வெயில் அவர்கள் மேல் ஏறியது. செல்லாயி தன் குடையைக் கொண்டுபோய் அவள் தலைக்குமேல் பிடித்தாள்.

பத்தேமுக்காலுக்குக் கதவு ஒரு விரக்கடை அசைந்தது. அப்புறம் நின்றது. அப்புறம் இன்னொரு விரக்கடை. சந்தில் ஒரு கண் தெரிந்தது. தலைமயிர் ஒரே சடையாகத் திரண்டு, முகம் கன்னமில்லாமல் வற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். எங்களை எல்லாம் ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"யாரு தொறந்தது?" என்றாள். தமிழ்தான். எங்கள் பக்கத்துத் தமிழ்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தாங்க."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "இத்தன நாளா எங்கடா போயிருந்த?" என்றாள்.

யார் கேட்க வேண்டிய கேள்வியை யார் கேட்டது? நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் அத்தனை பேர் முன்னால் நின்றேன்.

சுந்தரி எழுந்தாள். உட்கார்ந்து மரத்துப்போன காலோடு தடுமாறி எழுந்து, "அக்கா, உள்ள வரலாமா?" என்றாள்.

மூட்டைக்காரி குனிந்து சுந்தரியின் வெறும் காலை, அந்த வீங்கிய கணுக்காலைப் பார்த்தாள். "செருப்பப் போட்டுக்கிட்டே வா. தரை கொதிக்குது" என்றாள்.

பேர் பூங்காவனம் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கால் புண்ணுக்கு இருபது நாள் இருந்தாள், விலாசம் கேட்டபோது காசிம் பாய் கதவு எண்ணைச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். மாத்திரை வேண்டாம் என்றாள், ஏன் வேண்டாம் என்று சுந்தரி கேட்டாள், அவள் சொன்ன காரணத்தில் ஒன்று நியாயமாக இருந்ததால் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார், பிறகு போட்டுக்கொண்டாள், சில நாள் போட்டுக்கொள்ளவில்லை, மறுபடி போட்டுக்கொண்டாள். தங்கச்சி ஒருத்தி இருப்பதாக ஒருநாள் சொன்னாள், மறுநாள் இல்லை என்றாள். சுந்தரி இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். செல்லாயியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சர்க்கரையோடு வந்து அம்மனுக்கா ஆளுக்கா என்று யோசித்துக் கடைசியில் பூங்காவனத்தின் வாயில்தான் போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பூங்காவனம் கதவின் முன் நின்று தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றேன்.

"எதுக்கு எறியற?" என்றாள். "உள்ள மாத்து."

ஸ்க்ரூ டிரைவர் காசிம் பாயுடையது. நாலு ஸ்க்ரூ. வெளிப்பக்கத்தில் கழற்றிய துளைகளை மெழுகால் அடைத்தேன், உள்பக்கத்தில் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தை அவளையே கையை நீட்டச் சொல்லிப் பென்சிலால் குறித்தேன், மாட்டினேன். அவள் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். கீழே தட்டுக்காக அறுத்த திறப்பை ஒரு பலகைத் துண்டு வைத்து அடைத்தேன். அதற்கு மட்டும் தச்சன் கை மாதிரி அளந்து வெட்டினேன்.

அடுத்த செவ்வாய் ஆறரை மணிக்கு வேன் வந்தது. சுந்தரி இறங்கினாள். பச்சைக் கதவின் முன்னால் போய், பழக்கத்தில் செருப்பைக் கழற்றப்போய், நினைவு வந்து காலில் மாட்டிக்கொண்டு, தட்டினாள்.

"அக்கா, உள்ள வரலாமா?"

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. சீப்பு எதிலோ பட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப வராத. தல வாரிக்கிட்டிருக்கேன்" என்றது குரல்.

மாது டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். ராஜமாணிக்கம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். காசிம் பாய் ஸ்டீயரிங்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். ஒன்றேகால் வருஷமாக அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, வராதே என்று ஒரு வீட்டுக்காரி சொன்னது அதுதான் முதல் தடவை. சுந்தரி எங்கள் பக்கம் திரும்பினாள், அவள் முகத்தில் இருந்ததை என்னால் எழுத முடியாது.

"சரிங்கக்கா" என்றாள் கதவைப் பார்த்து. "நான் அடுத்த வீட்டப் பாத்துட்டு வர்றேன்."

உள்ளே, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பூங்காவனம் ஒரு தடவை எடுத்து, மறுபடி போடுகிற சத்தம் கேட்டது.